மங்காத மை தேடி: வீட்டுப் பிரின்டருக்கு ஏற்ற மையும் போட்டோ பேப்பரும்



எமது உம்மும்மாவிடம் ஒரு பழைய கொப்பி இருந்தது. அவருடைய உம்மா அறபுத் தமிழில் எழுதிவைத்த கொப்பி அது. பாதி கைமருந்துக் குறிப்புகள், மீதி தாலாட்டுகள். விளக்குக் கரியையும் மரப்பிசினையும் சேர்த்து வீட்டிலேயே செய்த மையால் எழுதியது என்று உம்மும்மா சொல்வார். தாள் பழுப்பேறியிருந்தாலும் எழுத்து மட்டும் கறுகறுவென்றே இருந்தது.

மூன்று வருடங்களுக்கு முன் நானா அந்தக் கொப்பியை ஸ்கேன் செய்து, நல்ல பளபளப்பான போட்டோ பேப்பரில் பிரின்ட் எடுத்து, கட்டுவித்து, உம்மும்மாவுக்குப் பரிசாகக் கொடுத்தார். உம்மும்மா அதைக் கட்டிலின் பக்கத்திலேயே, ஜன்னலோரம் வைத்துக்கொண்டார். மூலக் கொப்பி அலுமாரிக்குள் போனது. அதற்குப் பிறகு இரண்டு காரியங்கள் நடந்தன. நானாவின் மடிக்கணினியில் ஹார்ட் டிஸ்க் பழுதானது. ஸ்கேன் செய்த கோப்புகள் அதோடு போயின. ஒரு மழைக்காலத்தில் சுவர் வழியே ஏறிய கறையான் மூலக் கொப்பியின் கடைசிப் பதினொரு பக்கங்களைத் தின்றுவிட்டது.

"பிரின்ட் இருக்குத்தானே" என்று ஓடிப்போய்ப் பார்த்தோம். உம்மும்மா அடிக்கடி திறந்து வாசித்த பக்கங்களில் கறுப்பு, செம்பழுப்பாக மாறியிருந்தது. ஈரவிரல் பட்ட இடமெல்லாம் எழுத்து கரைந்திருந்தது. பதினொரு பக்கங்களில் ஒன்பதை வாசிக்க முடிந்தது. இரண்டை முடியவில்லை. அந்த இரண்டும் அவருக்கு மிகப் பிடித்த தாலாட்டுகள். ஆகவேதான் அவற்றை அதிகம் திறந்திருக்கிறார்.

எண்பது வருடம் நின்ற எழுத்து ஒரு பக்கம், மூன்று வருடம் நிற்காத எழுத்து மறு பக்கம். ஏன் இப்படி? கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. நாங்கள் கேட்டதைத்தான் அவர் தந்தார். எங்களுக்குத்தான் கேட்கத் தெரியவில்லை. தொழினுட்பப் பாடம் படிக்கும் மாணவி என்ற வகையில் நான் இதன் காரணத்தைத் தேடினேன். அவ்வாறு அறிந்தவற்றை உங்களோடு பகிர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. மைத்துளி எப்படிப் பாய்கிறது?

வீடுகளில் உள்ள இங்க்ஜெட் பிரின்டர் மையைத் தாளின் மீது நுண்துளிகளாகத் தெளிக்கும் பொறி. ஒரு துளியின் கனவளவு சில பைக்கோலீற்றர்கள் மட்டுமே. ஒரு பைக்கோலீற்றர் என்பது ஒரு லீற்றரின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. துளி வெளிவரும் துவாரம் எமது தலைமுடியை விட மெல்லியது.

இந்தத் துளியைத் தள்ளுவதற்கு இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது வெப்ப முறை. 1977இல் கெனன் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில், சூடான பற்றாசுக்கோல் ஒன்று மை நிரம்பிய ஊசியில் தற்செயலாகப் பட, ஊசி முனையிலிருந்து மை பீச்சியடித்தது. அதிலிருந்தே கெனனின் இம்முறை பிறந்தது. எச்.பி நிறுவனமும் தனியாக இதே வழியைக் கண்டு, 1984இல் 'திங்க்ஜெட்' என்ற பிரின்டரை வெளியிட்டது. இம்முறையில் சிறிய வெப்பமூட்டி ஒன்று கணப்பொழுதில் ஏறத்தாழ 300 பாகை செல்சியஸ் வரை சூடாகிறது. மையில் ஓர் ஆவிக்குமிழி தோன்றித் துளியை வெளியே தள்ளுகிறது.

இரண்டாவது அழுத்தமின் முறை. எப்சன் நிறுவனம் பின்பற்றுவது இதையே. மின்னழுத்தம் கொடுத்தால் வளையும் இயல்புள்ள பளிங்கு ஒன்று, மையை நசுக்கித் துளியாக வெளியேற்றும். இங்கே மை சூடாக்கப்படுவதில்லை.

இது மை வாங்கும் எமக்கு ஏன் முக்கியம்? வெப்ப முறைக்கான மை அந்தச் சூட்டைத் தாங்க வேண்டும். இல்லாவிட்டால் அடியில் கருகிப் படிந்து வெப்பமூட்டியை மூடிவிடும். அழுத்தமின் முறைக்கான மையின் பாகுத்தன்மை சரியாக இருக்க வேண்டும். மிக நீர்த்தாலும் மிகத் தடித்தாலும் துளியின் அளவு பிழைக்கும். ஆகவே "எல்லாப் பிரின்டருக்கும் போடலாம்" என்று எழுதப்பட்ட போத்தலைக் கண்டால் சற்று நில்லுங்கள்.

2. சாய மையும் துணிக்கை மையும்

கடைகளில் 'டை இங்க்', 'பிக்மன்ட் இங்க்' என்று இரண்டு பெயர்களைக் கேட்பீர்கள். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டி மக்களுக்கு விளக்குவது இலகு. ஒரு கோப்பை பிளேன்டீயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நிறம் இருக்கிறது, துணிக்கை இல்லை. நிறம் நீரில் கரைந்துவிட்டது. அடைமழைக்குப் பின் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் நின்று மகாவலியைப் பாருங்கள். அங்கும் நிறம் இருக்கிறது. ஆனால் அது கரைந்த நிறமல்ல, நீரில் தொங்கிக்கொண்டிருக்கும் மண் துணிக்கைகளின் நிறம்.

சாய மை பிளேன்டீயைப் போன்றது. நிற மூலக்கூறுகள் நீரில் கரைந்திருக்கும். தாளுக்குள் இறங்கிப் பிரகாசமான, தெளிவான வர்ணங்களைத் தரும். ஆனால் தனித்தனி மூலக்கூறாக இருப்பதால் ஒளியும் காற்றிலுள்ள ஓசோனும் அவற்றை இலகுவாகச் சிதைத்துவிடும். நீர் பட்டால் மறுபடியும் கரையும்.

துணிக்கை மை மகாவலி வெள்ளத்தைப் போன்றது. ஏறத்தாழ 100 நனோமீற்றர் அளவான திண்மத் துணிக்கைகள் நீரில் தொங்கியிருக்கும். ஒவ்வொரு துணிக்கையிலும் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள் நெருங்கி அடுக்கப்பட்டிருப்பதால், மேற்பரப்பிலுள்ளவை சிதைந்தாலும் உள்ளே உள்ளவை நிறத்தைக் காக்கும். தாளில் காய்ந்த பிறகு நீரில் கரையாது. குறை என்னவென்றால், வர்ணம் சற்று அடங்கியே தெரியும். பளபளப்பான தாளின் மேல் படிந்து நின்று, தேய்த்தால் கையோடு வரக்கூடும்.

உம்மும்மாவின் உம்மா செய்த மையும் துணிக்கை மைதான். விளக்குக் கரி என்பது காபன் துணிக்கைகள். பிசின் அவற்றைத் தாளோடு பிணைக்கும் பசை. கண்டிப் பகுதி விகாரைகளில் பாதுகாக்கப்படும் ஓலைச் சுவடிகளிலும் இதே கதைதான். எழுத்தாணியால் கீறிய கோடுகளில் கரியும் பிசின் எண்ணெயும் கலந்து தேய்ப்பார்கள். மேலே உள்ளதைத் துடைத்ததும் கீறலுக்குள் கறுப்பு தங்கிவிடும். கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கிய காலத்தில், அச்சகங்களில் பாவித்த கறுப்பு மையும் விளக்குக் கரியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்ததே. காபன் ஒளிக்கும் காற்றுக்கும் அசைவதில்லை. ஓலையிலிருந்து பிரின்டர் வரை அதே பாடம்தான்.

3. எந்தப் போத்தலில் என்ன இருக்கிறது?

முன்பு வீட்டுப் பிரின்டர்களில் சிறிய கார்ட்ரிஜ்கள் இருந்தன. அவற்றுக்கு ஊசியால் மை ஏற்றுவது எமது பகுதியில் பலர் அறிந்த கைத்தொழில். 2010இல் எப்சன், முதலில் இந்தோனேசியாவில், போத்தலிலிருந்து ஊற்றி நிரப்பும் தாங்கியுள்ள பிரின்டர்களை அறிமுகப்படுத்தியது. 2015இல் கெனனும் 2016இல் எச்.பியும் அதே வழியில் வந்தன. இன்று பெரும்பாலான வீடுகளிலும் தொடர்பாடல் நிலையங்களிலும் இருப்பவை இவ்வகைப் பிரின்டர்களே.

2022இன் நெருக்கடியில் இறக்குமதிப் பொருள்களின் விலை ஏறியதும், கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டதும் நாம் மறக்கவில்லை. நிறுவனத்தின் மூல மைக்குப் பதிலாக மலிவான 'கொம்பட்டிபிள்' மையை நாடுவது பல குடும்பங்களுக்குத் தேவையாகிவிட்டது. அதில் தவறில்லை. எதற்குப் பதிலாக எதை ஊற்றுகிறோம் என்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும். சில உதாரணங்களைத் தருகிறேன்.

எப்சன் எல்220, எல்360, எல்380 போன்றவற்றுக்கு உரிய 664 இலக்க மையில் நான்கு நிறங்களுமே சாய மை, கறுப்பும் சாயமே. புகைப்படத்துக்கென்றே வந்த எல்800, எல்805 ஆகியவற்றுக்கான 673இல் ஆறு நிறங்கள்; மென்நீலமும் மென்சிவப்பும் மேலதிகம். அவையும் சாய மைகளே. கெனன் ஜி2010, ஜி3010 போன்றவற்றுக்கான ஜிஐ-790இல் கறுப்பு துணிக்கை மை, மற்ற மூன்று நிறங்களும் சாய மை. எச்.பியின் ஜிடி51 கறுப்பும் துணிக்கை மை. ஜிடி52 நிறங்கள் சாய மை.

எனவே கடைக்குப் போனால் நிறத்தின் பெயரை மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். பிரின்டரின் மாதிரி இலக்கம், மூல மையின் இலக்கம், அந்த நிறம் சாயமா துணிக்கையா என்ற மூன்றையும் எழுதிக்கொண்டு செல்லுங்கள். சாய மைக்குரிய தாங்கியில் துணிக்கை மையைக் கலந்தால், துணிக்கைகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் தள்ளிவைத்திருந்த மின்னேற்றச் சமநிலை குலைந்து, அவை திரண்டு துவாரங்களை அடைத்துவிடலாம். பாலில் எலுமிச்சை பிழிந்தால் திரைவதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். கோப்பைகளிலும் ரீ-ஷேர்ட்களிலும் படம் பதிக்கும் 'சப்ளிமேஷன் மை' புகைப்படத்துக்கு உரியதல்ல. சூட்டில் ஆவியாகித் துணிக்கு மாறவென்றே செய்யப்பட்டது. போத்தல் ஒரே மாதிரி இருப்பதால் பலர் ஏமாறுகிறார்கள். அடுத்து, வீட்டில் கேக் செய்து விற்கும் சகோதரிகள் கவனிக்க வேண்டியது: உண்ணத்தகு மை என்பது வேறு, அதற்கான பிரின்டரும் வேறு. சாதாரண மை ஓடிய பிரின்டரில் பின்னர் உண்ணத்தகு மையை ஊற்றினாலும் அது உணவுக்கு ஆகாது.

4. தாளின் முதுகைப் பாருங்கள்

மையைப் பற்றிக் கேட்பவர்கள்கூடத் தாளைப் பற்றிக் கேட்பதில்லை. பொதியில் எழுதியிருக்கும் 180, 200, 230, 260 என்ற இலக்கங்களைப் பார்த்து, கூடியதே சிறந்தது என்று வாங்கிவிடுகிறோம். அந்த இலக்கம் ஒரு சதுர மீற்றர் தாளின் நிறை எத்தனை கிராம் என்பதை மட்டுமே சொல்கிறது. நாம் கொப்பி அச்சடிக்கும் சாதாரண ஏ4 தாள் 80 கிராம். நிறை கூடினால் தாள் விறைப்பாக இருக்கும். ஆயுள் கூடும் என்பதற்கு அது அத்தாட்சி அல்ல. ஆயுளையும் தெளிவையும் தீர்மானிப்பது மேலுள்ள பூச்சும் உள்ளேயுள்ள அடித்தாளுமே.

மலிவான பளபளப்புத் தாள்களில் பெரும்பாலானவை, சாதாரண தாளின் மேல் பளபளப்புப் பூச்சு இட்டவை. மை அதிகமானால் தாள் அலையலையாக நெளியும். தரமான போட்டோ பேப்பரில் தாளின் இரு பக்கமும் மெல்லிய பொலித்தீன் படலம் இருக்கும். அதன் மேல் மையை ஏற்கும் பூச்சு. இரண்டையும் வேறுபடுத்திப் பார்க்க ஒரு துளி தண்ணீர் போதும். தாளின் பின்பக்கத்தில் துளியை வைத்து ஒரு நிமிடம் பொறுங்கள். ஊறினால் முதல் வகை. உருண்டு நின்றால் இரண்டாம் வகை. ஓரத்தைக் கிழித்தாலும் தெரியும்: இரண்டாம் வகையில் மெல்லிய பிளாஸ்டிக் இழுபடும்.

பூச்சிலும் இரண்டு குணங்கள் உண்டு. ஜெலற்றின் போன்ற பல்பகுதியப் பூச்சு மைபட்டதும் ஊதி, மையை உள்ளே விழுங்கி, காய்ந்ததும் அதன்மேல் மூடிக்கொள்ளும். காற்றிலிருந்து நிறத்தைக் காக்கும். ஆனால் மெதுவாகக் காயும், ஈரத்தில் ஒட்டும், துணிக்கை மைக்கு ஏற்றதல்ல. சிலிக்கா போன்ற நுண்துகள்களாலான துளைப்பூச்சு, பஞ்சு நீரை உறிஞ்சுவது போல் மையை உடனே உறிஞ்சிக் காயவைக்கும். இன்று 'உடனே காயும்' என்று விற்கப்படுபவை இவையே. ஆனால் திறந்த துளைகள் வழியாகக் காற்றும் உள்ளே போகும். சாய மையை அது மெல்ல மெல்லத் தின்னும்.

பூச்சிட்ட பக்கம் எது என்று தெரியாவிட்டால், சற்று ஈரமான விரலால் ஒரு மூலையைத் தொடுங்கள். ஒட்டுவது போல் இழுக்கும் பக்கமே அச்சிட வேண்டிய பக்கம்.

5. செம்மஞ்சளாகிய படங்கள்

இது மலிவு மைக்கு மட்டும் உரிய பிரச்சினை என்று எண்ணிவிடாதீர்கள். 2000ஆம் ஆண்டில் எப்சன் நிறுவனம் ஸ்டைலஸ் போட்டோ 870, 1270 என்ற பிரின்டர்களை வெளியிட்டது. நிறுவனத்தின் சொந்த மையால், சொந்தப் பளபளப்புத் தாளில் அச்சிட்ட படங்கள், சில வீடுகளில் வாரக்கணக்கிலேயே செம்மஞ்சளாக மாறின. வேறு வீடுகளில் ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் காரணம் காற்றிலுள்ள ஓசோன் என்று தெரியவந்தது. துளைப்பூச்சின் வழியே புகுந்த ஓசோன் நீலச் சாயத்தைத் தாக்கியது. நீலம் குறைந்தால் எஞ்சுவது சிவப்பும் மஞ்சளும். இரண்டும் சேர்ந்தால் செம்மஞ்சள். கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த படங்கள் தப்பின.

உம்மும்மாவின் பக்கங்கள் செம்பழுப்பாக மாறியதைப் பார்த்தபோது எனக்கு இந்தச் சம்பவமே நினைவுக்கு வந்தது. ஆனாலும் ஒரு கேள்வி உறுத்தியது. எங்கள் பிரின்டரில் கறுப்பு துணிக்கை மை அல்லவா? அது எப்படி நிறம் மாறும்? விடை பிரின்டரின் அமைப்புப் பெட்டிக்குள் இருந்தது. துணிக்கைக் கறுப்பு பளபளப்புத் தாளில் ஒழுங்காகப் பற்றாது. ஆகவே கணினியில் 'போட்டோ பேப்பர்' என்று தெரிவுசெய்த கணமே, நான்கு நிறப் பிரின்டர்கள் பல கறுப்பு மையை ஒதுக்கிவிட்டு, நீலம், சிவப்பு, மஞ்சள் ஆகிய மூன்று சாயங்களையும் கலந்து கறுப்பை உண்டாக்கும். புகைப்படத்துக்கு அதுவே சரியான ஏற்பாடு. எழுத்துக்கு அல்ல. நாங்கள் விலை கூடிய தாளைத் தெரிவுசெய்ததாலேயே, நிலைத்திருக்கக்கூடிய கறுப்பு மையை எமது கையாலேயே அணைத்துவிட்டோம். சாதாரண தாளில் எடுத்திருந்தால் அந்த இரண்டு தாலாட்டுகளும் இன்று இருந்திருக்கும்.

கட்டுரை முழுவதையும் நீங்கள் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: பொருத்தமான மை என்பது தாங்கிக்குள் ஊற்றக்கூடிய மை அல்ல. மையும் தாளும் பொறியும், நாம் அந்தப் பிரதியிடம் எதிர்பார்க்கும் வேலையும் ஒன்றுக்கொன்று பொருந்துவதே பொருத்தம்.

6. வாங்குமுன் சோதிப்போம்

போத்தல்களில் "100 ஆண்டுகள்" என்றெல்லாம் எழுதியிருப்பதைக் காணலாம். அச்சுப் பிரதிகளின் ஆயுளை ஆராய்வதில் பெயர்பெற்ற அமெரிக்கரான ஹென்றி வில்ஹெல்மின் கணிப்பு முறையில், ஒரு படம் கண்ணாடிக்குப் பின்னால் நாளொன்றுக்கு 12 மணித்தியாலம் 450 லக்ஸ் வெளிச்சத்தில் இருப்பதாகக் கொள்ளப்படும். அதுவும் குறிப்பிட்ட ஒரு மை, குறிப்பிட்ட ஒரு தாள் என்ற சோடிக்கு மட்டும். மையை மாற்றினாலோ தாளை மாற்றினாலோ அந்த எண் செல்லாது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், தென்மேல் பருவமழையும் ஐப்பசி மழையும் மாறிமாறி நனைக்கும் எமது கண்டியில், சுவரும் அலுமாரியும் ஈரப்பதனை விடுவதே இல்லை. ஆகவே எமது வீட்டுக்கு எமது சோதனையே நம்பகமானது. அதற்குப் பெரிய செலவில்லை.

புதிய மையையும் தாளையும் மொத்தமாக வாங்காமல், முதலில் சிறிதளவு வாங்குங்கள். சிறிய கறுப்பு எழுத்து, சாம்பல் நிறக் கட்டம், நீலம், சிவப்பு, மஞ்சள் கட்டங்கள், ஒரு பழத்தின் படம் என்பவற்றை ஒரே வரிசையில் அமைத்து நான்கு கீலங்கள் அச்சிடுங்கள். ஒரு நாள் முழுதும் காயவிடுங்கள். பின்னர்:

முதலாவது கீலத்தைக் கடித உறையிலிட்டு இருட்டான லாச்சியில் வையுங்கள். இதுவே ஒப்பீட்டுக்கானது.
இரண்டாவதைக் கண்ணாடிச் சட்டத்தில் இட்டு, வெயில் படும் ஜன்னலில் வையுங்கள். இது ஒளிக்கான சோதனை.
மூன்றாவதை வெயில் படாத, காற்று ஓடும் இடத்தில் திறந்தபடி தொங்கவிடுங்கள். இது காற்றுக்கான சோதனை.
நான்காவதில் ஒரு துளி நீரிட்டு, ஒரு நிமிடத்தின் பின் பஞ்சால் ஒற்றி எடுங்கள். இது நீருக்கான சோதனை.

இரண்டு, நான்கு, எட்டு வாரங்களில் பகல் வெளிச்சத்தில் நான்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் சாம்பல் கட்டத்தைக் கவனியுங்கள். மூன்று நிறங்களில் எது மங்கினாலும் சாம்பல்தான் உடனே காட்டிக்கொடுக்கும். இரண்டாவது கீலம் மங்கி மூன்றாவது நன்றாக இருந்தால், படத்தை ஜன்னலிலிருந்து தள்ளி மாட்டினால் போதும். மூன்றாவது மங்கினால் கண்ணாடிச் சட்டம் அவசியம். இரண்டும் மங்கினால் வேறு மை தேடுவதே நல்லது.

விலையை ஒப்பிடும்போது போத்தலின் விலையைப் பார்க்காமல், விலையை மில்லிலீற்றரால் வகுத்துப் பாருங்கள். 70 மில்லிலீற்றர் போத்தலும் 100 மில்லிலீற்றர் போத்தலும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும்.

7. எதற்கு எது?

வகுப்பறைச் சுவரொட்டி, ஒப்படை, ஒருநாள் கண்காட்சி என்பவற்றுக்கு மலிவான சாய மையும் சாதாரண தாளும் தாராளம். அவை ஒரு தவணை இருந்தாலே போதும்.

பிரியாவிடைப் படம், குடும்பப் படம் என்பவற்றுக்குச் சோதித்த சாய மையும், பொலித்தீன் படலமுள்ள தாளும், கண்ணாடிச் சட்டமும் வேண்டும். அச்சிட்ட உடனே கண்ணாடிக்குள் இடாதீர்கள். ஈரம் அடைபட்டுப் படம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். ஒரு நாளாவது காயட்டும். கணினியில் தாள் வகையைச் சரியாகத் தெரிவுசெய்யுங்கள். பளபளப்புத் தாளை வைத்துவிட்டு 'சாதாரண தாள்' என்று விட்டால், மை மேலே நின்று கையில் ஒட்டும்.

கையெழுத்துப் பிரதி, சான்றிதழின் நகல், காணி உறுதியின் நகல், பழைய கடிதம் என்பவற்றுக்குத் துணிக்கைக் கறுப்பும் பளபளப்பில்லாத, அமிலமற்ற தாளும் வேண்டும். அறபுத் தமிழில் ஒரு புள்ளி கூடினாலும் குறைந்தாலும் எழுத்தே மாறிவிடும். மை ஊறிப் பரவும் மெல்லிய தாளில் இரண்டு புள்ளிகள் ஒன்றாகிவிடும். எனவே 80 கிராமை விடச் சற்றுத் தடித்த, வழுவழுப்பான தாள் நல்லது.

எந்த மையானாலும், வாரத்துக்கு ஒருமுறையாவது வர்ணத்தில் ஒரு பக்கம் அச்சிடுங்கள். சும்மா கிடக்கும் பிரின்டரில்தான் மை காய்ந்து அடைக்கும். தாளை மழைநாளில் பொதியைத் திறந்தபடி விடாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஸ்கேன் செய்த கோப்பை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். மை எவ்வளவு நல்லதானாலும், மறுபடி அச்சிட வழி இருப்பதே பெரிய காவல்.

நிறைவாக

சென்ற விடுமுறையில் நானும் நானாவும் கொப்பியின் எஞ்சிய பக்கங்களையும், பிரின்டில் வாசிக்கக்கூடிய ஒன்பது பக்கங்களையும் மறுபடி ஸ்கேன் செய்தோம். பழுப்பு நிறப் பின்னணியை நீக்கிக் கறுப்பு வெள்ளையாக மாற்றினோம். அதே பிரின்டர்தான். இம்முறை பளபளப்பில்லாத தாள், 'சாதாரண தாள்' என்ற தெரிவு, கறுப்பு மை மட்டும். முன்பை விடச் செலவு குறைவு. ஒரு பக்கத்தின் மேல் தண்ணீர் தெளித்துப் பார்த்தோம், எழுத்து அசையவில்லை. கோப்புகள் இப்போது மூன்று இடங்களில் இருக்கின்றன.

போன இரண்டு பக்கங்களுக்காக உம்மும்மாவின் அருகில் கொப்பியும் பேனாவுமாக உட்கார்ந்தேன். அவர் மெல்லப் பாடினார், நான் எழுதினேன். ஒரு தாலாட்டு முழுதாக வந்துவிட்டது. மற்றதில் நடுவே நான்கு வரிகள் அவருக்கு நினைவில்லை. "அது அந்தத் தாளில இருந்திச்சு மகள்" என்றார். அந்த நான்கு வரிகளுக்கும் இடம் விட்டே அச்சிட்டிருக்கிறோம்.

பயிற்சி

1. உங்கள் வீட்டுப் பிரின்டரின் மாதிரி இலக்கத்தையும், அதன் ஒவ்வொரு நிறமும் சாய மையா துணிக்கை மையா என்பதையும் கண்டறிந்து எழுதுக.
2. நீலச் சாயம் மட்டும் மங்கினால் சாம்பல் நிறக் கட்டம் எந்நிறமாக மாறும்? காரணம் தருக.
3. உங்கள் வீட்டில் ஒரே ஒரு பிரதியாக உள்ள எழுத்தோ படமோ எது? அதை நகலெடுக்க எந்த மையையும் தாளையும் தெரிவுசெய்வீர்கள்? இந்த வாரமே செய்து முடிக்க.